சட்டியில் படியும் உப்பும் தொட்டியில் வளரும் செடியும்

தருமபுரிப் பக்கம் போர் தண்ணீரைக் காய்ச்சுகிற வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரவென்று ஒரு படிவம் ஒட்டியிருக்கும். பிழிந்த எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். மீன் தொட்டியில் உயிருள்ள செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், என்ன விளக்கு வாங்கலாம், என்ன உரம் போடலாம் என்று தேடத் தொடங்கும் முன் இந்தப் படிவம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. முதல் தொட்டி வாங்கியபோது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பத்து வகைச் செடிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் அணைப்பேன். மூன்றாவது வாரம் கண்ணாடி முழுவதும் பச்சைப் பாசி. செடிகளில் பாதி கூழாகிவிட்டன. இரண்டு மட்டும் அழுகாமல் நின்றன, ஆனால் வளரவும் இல்லை. அந்த இரண்டும் நீர்ச்செடிகளே இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஒன்று, வரவேற்பறைகளில் கண்ணாடிக் குவளைக்குள் வைப்பார்களே, அந்த லக்கி பாம்பூ. அதன் வேர் தண்ணீரில் இருக்கலாம், இலை காற்றில்தான் இருக்க வேண்டும். முழுக்க மூழ்கடித்தால் சில மாதம் தாக்குப்பிடித்துவிட்டு மெல்ல அழுகும். மீன் கடைகளில் இது சாதாரணமாக விற்கப்படுகிறது. அதனால் செடி வாங்கும்போது, தண்டைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக நிமிர்ந்து நின்று, இலை மெழுகு பூசியது போல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள் (பின்னால் சொல்லப்போகும் அனுபியாஸ் இதற்கு விலக்கு). மெல்லிய இலையும் தண்டும் துவண்டு தொங்கினால் அது தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடி.

சரி, தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு என்ன வேண்டும்? வயலில் இருக்கும் செடிக்கு வேண்டியதுதான்: வெளிச்சம், காற்றில் இருக்கும் கரியமில வாயு, சத்து. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படிக் கட்டுப்பட்டவை என்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

வெளிச்சத்தை உணவு என்று நினைக்காதீர்கள், பசி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் நூறு பேரை உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டீர்கள், சோறு இருபது பேருக்குத்தான் இருக்கிறது என்றால் என்ன நடக்கும்? விளக்கைக் கூட்டுவது இலை போடுவது போல. செடி வேகமாக வேலை செய்யத் தயாராகிவிடும். ஆனால் அந்த வேகத்துக்கு ஈடாகக் கரியமில வாயுவும் சத்தும் கிடைக்காவிட்டால் செடி மெலியும். அந்த இடைவெளியில் பாசி புகுந்துகொள்ளும், ஏனென்றால் பாசிக்குத் தேவை மிகக் குறைவு. தொட்டியில் பாசி வந்தால் உடனே பாசிக்கொல்லி மருந்து தேடுகிறோம். முதலில் விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்றில் தொட்டிக்குள் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது கரியமில வாயுதான். செடியின் காய்ந்த எடையில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்துக்கு மேல் கரிமம். அதை மாமரம் காற்றிலிருந்து சுலபமாக எடுத்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் அதே வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையைச் சுற்றியிருக்கும் தண்ணீரில் உள்ள வாயுவை இலை எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்தது வந்து சேர நேரமாகிறது. அதனால்தான் பெரிய அளவில் செய்கிறவர்கள் சிலிண்டர் வைத்து வாயுவைச் செலுத்துகிறார்கள். சின்னத் தொட்டிக்கு, அதுவும் முதல் தொட்டிக்கு, அந்தச் செலவும் அபாயமும் வேண்டாம் என்பது என் கருத்து. அளவு கொஞ்சம் தவறினால் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதக்கும்.

இங்கேதான் நம் சட்டியின் வெள்ளைப் படிவம் உதவிக்கு வருகிறது.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மக்கும் குப்பையும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு போகிறது. வழியில் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணையும் கல்லையும் தொட்டால் அதையும் கரைத்துக்கொள்கிறது. அப்படிக் கரைந்து உருவாவதுதான் பைகார்பனேட். போர் தண்ணீரில் நாம் ‘உப்பு’ என்று சொல்வதில் இது ஒரு முக்கியமான பங்கு. காய்ச்சும்போது வாயு வெளியேறிவிடும், சுண்ணாம்பு மட்டும் பாத்திரத்தில் படியும். அப்படியானால் அந்தத் தண்ணீருக்குள் கரிமம் ஏற்கெனவே இருக்கிறது, வேறு உருவத்தில். அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்த செடிகளும் இருக்கின்றன.

வாலிஸ்னேரியா அப்படிப்பட்ட ஒன்று. நாடா போல நீளமான இலைகள், அடியில் ஓடுதண்டு விட்டுப் பரவும். ஹைட்ரில்லாவும் ஹார்ன்வோர்ட்டும் அதே குணம் உடையவை. இவை பைகார்பனேட்டிலிருந்து கரிமத்தை உறிஞ்சிக்கொண்டு, மீதிச் சுண்ணாம்பை இலையின் மேலேயே விட்டுவிடும். அதிக வெளிச்சத்தில் வளரும் வாலிஸ்னேரியாவின் இலையைத் தடவினால் விரலில் நறநறவென்று படுவது அதுதான். அடுப்பு செய்யும் வேலையை இந்த இலை சூடில்லாமல் செய்கிறது. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு இருப்பே கொள்ளவில்லை. குடிக்க முடியாத தண்ணீர் என்று நாம் முகம் சுளிக்கும் அதே தண்ணீரில் இந்தச் செடி சாப்பாட்டைக் கண்டுபிடித்துக்கொள்கிறதே!

எல்லாச் செடிக்கும் இந்தத் திறமை கிடையாது. ஜாவா மாஸ் போன்றவை கரைந்த வாயுவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்றவற்றுக்கு வேகமே தேவையில்லை. மாதத்துக்கு ஓரிரு இலை விடும், அவ்வளவுதான். குறைந்த வெளிச்சத்தில் குறைந்த பசியோடு வாழும் செடிக்குக் கிடைக்கும் கொஞ்ச வாயுவே போதும். ஆக, நம் ஊர்த் தண்ணீருக்கு இரண்டு வழிகள்: ஒன்று, உப்பிலிருந்து சாப்பிடத் தெரிந்த செடி. இன்னொன்று, குறைவாகச் சாப்பிடும் செடி. கடையில் சிவப்பு இலைகளோடு கண்ணைப் பறிக்கும் வகைகள் பெரும்பாலும் இந்த இரண்டிலும் சேராதவை. அவற்றைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். வயல் வரப்பில், ஏரிக்கரைச் சேற்றில் படரும் நீர்ப்பிரமியையும் முயன்று பார்க்கலாம். மூழ்கியும் வளரும், மெதுவாக. ஆனால் மருந்தடித்த வயலோரத்திலிருந்து எடுக்காதீர்கள். தக்காளிக்கும் ரோஜாவுக்கும் அடிக்கும் பூச்சிமருந்தில் சொட்டு வந்தாலும் மீன் பிழைக்காது.

இனி தண்ணீர். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் தொட்டி வைத்திருக்கும் பலரும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இங்கேதான் தவறு செய்கிறோம்.

ஏப்ரல், மே வெயிலில் இரண்டடித் தொட்டியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை ஆவியாகலாம். வாரத்துக்கு ஐந்தாறு லிட்டர். அளவு குறையக் குறைய போர் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். நாம் ஊற்றும் புதுத் தண்ணீர் தன் பங்கு உப்பையும் கொண்டுவரும். பத்து வாரத்தில் ஒரு தொட்டித் தண்ணீரே ஆவியாகிப் போயிருக்கும், அதன் உப்பு மட்டும் எங்கும் போகாமல் சேர்ந்திருக்கும். அதாவது உப்பின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாம் பார்க்கும்போது தண்ணீர் பளிச்சென்று தெளிவாகத்தான் இருக்கும். செடி மட்டும் ஏனென்றே தெரியாமல் சுருங்கிக்கொண்டு போகும்.

இதற்குத் தீர்வு எளிது. ஆவியான அளவுக்கு ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருந்தால் அந்தத் தண்ணீர், மழைக்காலத்தில் முதல் மழையை விட்டுவிட்டு மொட்டைமாடியில் பிடித்த சுத்தமான தண்ணீர். அப்புறம் வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றுங்கள். அந்தப் புதுத் தண்ணீரில் போர் பாதி, ஆர்ஓ பாதி கலந்துகொள்ளலாம். முழுக்க ஆர்ஓ வேண்டாம். அதில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும்கூட மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பக்கெட்டில் பிடித்துவைப்பது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. பாத்திரம் கழுவ அது சரி, தொட்டிக்கு அது வேண்டாம். வடிகட்டியதில் விலகிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்து இருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டம் அது. அந்தக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் தொட்டிக்கும் நல்லதுதான். எங்கள் வீட்டில் அதைக் காய்ச்சினால் படிவம் வெகு குறைவு. ஆனால் கிருமி போகக் குளோரின் கலந்திருப்பார்கள். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை ஓரிரு சொட்டு விடலாம்.

தொட்டியின் அடியில் என்ன போடுவது என்று கேட்பார்கள். கழுவிய கரடுமுரடான ஆற்று மணல் இரண்டு அங்குலம் போதும். வேரால் சாப்பிடும் வாலிஸ்னேரியாவுக்கும் கிரிப்டோகோரைனுக்கும் அடியில் ஒரு மெல்லிய அடுக்குச் செம்மண் இருந்தால் நன்றாக வேர் பிடிக்கும். செம்மண்ணில் இரும்பு உண்டு. உரமும் மருந்தும் படாத இடத்து மண்ணாக எடுத்து, சலித்து, கல்லும் வேரும் நீக்கி, அரை அங்குலம் பரப்பி மேலே மணலை மூடினால் போதும். மணல் அடுக்கு மெலிந்தால் மண் கலங்கும். எம் சாண்ட் போடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் தூசு அடங்காது.

கல்லுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வெட்டும் இடங்களில் மெருகேற்றாத உடைசல் துண்டுகள் கிடைக்கும். கிரானைட் தண்ணீரில் கரையாது, உப்பைக் கூட்டாது. ஏதோ ஒரு கல்லைப் பற்றிச் சந்தேகமென்றால் அதன் மேல் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தள்ளி வையுங்கள். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் இந்தக் கல்லில் நூலால் கட்டிவிட வேண்டும். அவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், வேர் மட்டும் கீழே போகட்டும். வாலிஸ்னேரியாவை நடும்போதும் வேரும் இலையும் சேருமிடம் மணலுக்கு மேலே தெரிய வேண்டும். வெங்காய நாற்று நடுவது போலத்தான், ஆழம் கூடினால் குருத்து அழுகும்.

விளக்கைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன், அளவை மட்டும் சொல்கிறேன். இரண்டடித் தொட்டிக்குப் பத்து, பன்னிரண்டு வாட் வெள்ளை எல்இடி போதும். ஆறு மணி நேரத்தில் தொடங்குங்கள். ஒரு மாதம் பாசி இல்லாமல் போனால் ஏழு, எட்டு வரை கூட்டலாம். அதற்கு மேல் எங்கள் வீட்டில் போனதில்லை. பிளக்கில் மாட்டும் சின்ன டைமர் வாங்கினால் நல்லது. சக்கரம் சுற்றும் டைமர் என்றால் மின்வெட்டு ஆன நேரத்துக்குப் பின்தங்கிவிடும், அதனால் அவ்வப்போது சரிசெய்துகொள்ளுங்கள். ஜன்னலோர வெயில் தொட்டிமேல் நேராக விழக் கூடாது. பாசியும் வரும், சூடும் ஏறும்.

சத்துக்கு வருவோம். அப்பா பாலக்கோட்டில் தக்காளி வைத்தவர். ஒருநாள் என் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “கீழ் இலை பழுத்தா ஒரு கதை, கொழுந்து வெளுத்தா வேற கதை. நீ எந்த இலையைப் பார்க்குற?” என்றார். நான் அதுவரை மொத்தமாகத்தான் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வயலுக்கும் தொட்டிக்கும் ஒன்றுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால் கீழ் இலை முதலில் வாடும். பழைய இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள் விழுந்து விரிந்தால் பெரும்பாலும் சாம்பல் சத்து. இரும்பு அப்படி நகராது. அதனால் இரும்பு குறைந்தால் கொழுந்துதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

நம் தண்ணீரில் அடிக்கடி வருவது கடைசியாகச் சொன்னதுதான். சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலை வெளிறிப்போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதைக் கரைய விடாது. அதே சங்கதிதான் தொட்டிக்குள்ளும். வயலில் இதற்கு அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். தொட்டியில் அன்னபேதியைப் போட்டால் சற்று நேரத்தில் துருவாகிப் படிந்துவிடும், செடிக்குப் பயனில்லை. கீலேட் செய்த இரும்பு என்று மீன் கடைகளில் கிடைக்கும் திரவத்தில், இரும்பைச் சுற்றி ஒரு கரிமப் பொருள் பிடித்துவைத்திருக்கும். அதிலும் இடிடிஏ (EDTA) வகை நம் கடினமான தண்ணீரில் சீக்கிரம் பிடியை விட்டுவிடும், டிடிபிஏ (DTPA) வகை கூடுதலாகத் தாங்கும். புட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை, குறித்த அளவில் பாதி போதும்.

மற்ற சத்துகளுக்குத் தொடக்கத்தில் மீன் கழிவே போதுமானது. மீன் கழிவு அம்மோனியாவாகிறது. அதை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். செடியும் அம்மோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் செடி உள்ள தொட்டி மீனுக்கும் பாதுகாப்பு. ஆனால் யூரியாவையோ, உரக்கடையில் கிடைக்கும் பத்தொன்பது மூன்று (19:19:19) என்று சொல்லும் கலப்பு உரத்தையோ தொட்டியில் போடவே கூடாது. அதில் இருக்கும் யூரியாவும் அம்மோனியமும் மீனைக் கொன்றுவிடும்.

மீன் என்றால் கப்பி, மோலி, ப்ளாட்டி மூன்றும் இந்த மாதிரிக் கடினமான தண்ணீரை விரும்புகிறவை, நம் ஊருக்குப் பொருத்தம். மோலி பாசியையும் கொறிக்கும். கோல்டு ஃபிஷ் செடியைப் பிடுங்கித் தின்னும். பக்கத்து வீட்டுப் பையன் ஏரியில் பிடித்த ஜிலேபிக் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து, “அண்ணா, இதையும் விடுங்க” என்றான். விட்டேன். இரண்டே நாளில் மணலைத் தோண்டிச் செடிகளையெல்லாம் மிதக்க வைத்துவிட்டது.

கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் வாயுக்கள் கரையும் அளவு குறையும், செடியின் பசியோ கூடும். ஒரு சிறு மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். அப்போது ஆவியாவது அதிகம், நிரப்பும் தண்ணீர் பற்றிச் சொன்னதை மறக்க வேண்டாம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும், அதனால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், விளக்கு அணைந்ததிலிருந்து காலை வரை ஏர் பம்பை ஓடவிடுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் முதல் இரண்டு, மூன்று வாரம் இலைகள் கரையும். அப்போதுதான் பலர் மனம் விட்டுப்போய்ச் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். பண்ணைகளில் பல நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை காற்றுக்காக உருவானது, தண்ணீருக்குள் அது நிற்காது. செடி பழைய இலையைக் கைவிட்டுத் தண்ணீருக்கென்று புது இலை செய்யும். கிரிப்டோகோரைன் இன்னும் கூச்ச சுபாவம். இடம் மாற்றினாலே மொத்த இலையும் கூழாகிவிடலாம். அழுகிய இலையை மட்டும் கத்தரித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். சில வாரம் கழித்து மணலுக்குள்ளிருந்து விரல் நகம் அளவு புது இலை எட்டிப் பார்க்கும். இனி நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இலையை மட்டும்தான். அதன் நிறமும் அளவும் முந்தையதைவிட மேலாக இருந்தால் விளக்கு, தண்ணீர், சத்து எதையும் மாற்றாமல் விடுங்கள்.

வாலிஸ்னேரியா பிடித்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் ஓடுதண்டு விட்டு வரிசையாகக் குட்டிபோடும். குட்டிக்கு நான்கைந்து இலை வந்த பிறகு தண்டை வெட்டித் தனியாக நடலாம், தெருவில் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். மிஞ்சுவதை ஏரியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக் கிடப்பது தெரிந்ததே. வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கருவேப்பிலைச் செடியின் அடியில் போட்டால் நல்ல தழை உரம்.